மரம் வெட்டும் மலையில் ஓடையையும் மீனையும் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், ஊர்க் குழுக்கள், தோட்டக்காரர்கள் ஆகியோருக்காக எழுதியது. கையில் வாளியும் வலையும் வெப்பமானியும் இருந்தால் பாதி வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் எதை முதலில் அளப்பது, எங்கே ஏமாந்துபோவோம் என்பது தெரியாமல் இறங்கினால் மூன்று வருட உழைப்பும் வீணாகும்.

இப்போது காட்டில் மரவெட்டே இல்லையே, எதை ஆராய்வது?

1996 டிசம்பர் 12 அன்று காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, இயற்கைக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கென்று பிரித்த பகுதி பகுதியாக, வெட்டிச் சாய்ப்பது அடங்கிவிட்டது உண்மைதான். மரம் வெட்டுவது நிற்கவில்லை. பழனி மலையின் மேல்பகுதியில் தைல மரமும் சீகையும் (வாட்டில் மரம்) அகற்றப்படுகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரமும் சில்வர் ஓக்கும் விலைக்குப் போகின்றன. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள் என்றால், எந்தச் சரிவில் எப்போது கோடரி விழும் என்பது முன்கூட்டியே தெரிகிறது என்று பொருள். ஆய்வுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. பழைய கூப்பு ரோடுகள் பல இடங்களில் இன்னும் ஓடைக்குள் மண்ணை இறக்கிக்கொண்டிருக்கின்றன, அவையும் ஆய்வுப் பொருள்தான்.

அந்நிய மரத்தை அகற்றுவது நல்ல காரியம், அதனால் ஓடைக்கு நல்லதே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த மரத்தை வெட்டினோம் என்பது ஓடைக்குத் தெரியாது. எவ்வளவு வெயில் விழுந்தது, எவ்வளவு மண் வந்தது என்பதுதான் தெரியும்.

வெட்டினால் ஓடையில் உண்மையில் என்னென்ன மாறும்?

நிழல், மண், நீரின் அளவு, உணவு, விழுந்த மரம் ஆகிய ஐந்தும் மாறும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறும், திரும்பி வருவதும் அப்படித்தான்.

நிழல் அன்றே போய்விடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அல்சியா ஆய்வு (1959 முதல் 1973 வரை) மூன்று சிற்றோடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 1966இல் ஓர் ஓடையில் கரை வரைக்கும் எல்லா மரத்தையும் வெட்டிச் சருகையும் எரித்தார்கள். இரண்டாவதில் கரையோர மரங்களை விட்டுவிட்டு ஆங்காங்கே திட்டுத்திட்டாக வெட்டினார்கள். மூன்றாவதைத் தொடவே இல்லை. முழுக்க வெட்டிய ஓடையில் வருடத்தின் உச்ச வெப்பம் ஒரே வருடத்தில் சுமார் 14 டிகிரி செல்சியஸிலிருந்து 29க்கு ஏறியது. கரை மரம் விட்ட ஓடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அங்கே இருந்தவை குளிர்நீர் மீன்கள், நம் மீன்கள் அதைவிடச் சூடு தாங்கும். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரி நீர் 7.6 மில்லிகிராம்தான். 1,500 மீட்டர் உயரத்தில் அதிலும் ஆறில் ஒரு பங்கு குறையும். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும்.

மண் முதல் மழையோடு வரும். பலர் நினைப்பதுபோல் வெட்டிய சரிவிலிருந்து அல்ல, பெரும்பங்கு ரோட்டிலிருந்து வரும். லாரி போன தடம், தடியை இழுத்த தடம், ஓடையைக் குறுக்கே கடக்கும் இடம் ஆகிய மூன்றும்தான் மண்ணின் ஊற்றுக்கண். ஆகவே ஆய்வு வரைபடத்தில் வெட்டிய மரங்களைக் குறிப்பதற்கு முன் ரோட்டைக் குறியுங்கள்.

விழுந்த மரம் திரும்பி வரத்தான் அதிகக் காலம் பிடிக்கும். ஓடைக்குள் சாய்ந்து கிடக்கும் தடி நீரைத் தேக்கிக் கசம் (ஆழமான மடு) உண்டாக்கும். மணலைப் பிடித்துவைக்கும், மீனுக்கு ஒளிவிடம் தரும். கரையோரத்தில் பெரிய மரமே இல்லையென்றால், நட்டது பருத்து, முதிர்ந்து, சாயப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மரத்தை வெட்டினால் ஓடையில் தண்ணீர் கூடுமா, குறையுமா?

முதலில் கூடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்டு புரூக் ஆய்வுக் காட்டில் 1965 கடைசியில் ஒரு சிறு நீர்ப்பிடிப்பை முழுக்க வெட்டி, மறுபடி தளிர்க்காமல் மருந்தடித்துவைத்தார்கள். முதல் வருடம் ஓடை நீர் சுமார் 40 சதவீதம் கூடியது. நைட்ரேட்டும் பல மடங்கு அடித்துக்கொண்டு போனது. நம் பக்கத்துச் சான்று இதன் மறுபாதியைச் சொல்கிறது. நீலகிரி கிளென்மார்கனில் புல்வெளியும் சோலையும் கலந்த நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதியில் 1972இல் தைல மரம் நட்டார்கள். முதல் சுழற்சியில் (நட்டது முதல் வெட்டும் வரை) ஆண்டு நீர்வரத்து 16 சதவீதமும், வெட்டிய கட்டையிலிருந்து தளிர்த்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. ஆக, தைல மரத்தை வெட்டிவிட்டுக் கட்டையை அப்படியே விட்டால், கூடிய தண்ணீர் சில வருடத்தில் திரும்பவும் மரத்துக்கே போய்விடும். சீகையோ வெட்டிய பிறகு மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து அடர்த்தியாக முளைக்கும். ஐந்தாறு வருடம் விடாமல் பிடுங்குவதற்கு ஆள் இல்லையென்றால் அந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

எந்த ஓடையைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு ஓடைகள் வேண்டும். வெட்டப்போகும் நீர்ப்பிடிப்பில் ஒன்று, வெட்டாத நீர்ப்பிடிப்பில் ஒன்று. பரப்பு, உயரம், சரிவு, மழை நான்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது ஓடைக்கு நிகர் ஓடை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அது இல்லாமல் அளந்தால், மழை பொய்த்த வருடத்தின் குற்றத்தைக் கோடரிமேல் போடுவீர்கள், இல்லையென்றால் கோடரியின் குற்றத்தை மழைமேல் போடுவீர்கள்.

வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி மூன்றும் பழனி மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருகின்றன. அவற்றின் தலையோடைகளில் ஜோடி கிடைப்பது எளிது. சிறுமலையின் குட்லாடம்பட்டிப் பக்கமும், சாத்தையாறு அணைக்கு வரும் ஓடைகளும், அழகர்மலைச் சிலம்பாறும் மதுரையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இவற்றில் பல வெயில் காலத்தில் ஓட்டம் நின்று கசம் கசமாகத் தேங்கிவிடும். அப்போது மீனெல்லாம் கசத்துக்குள் கூடிவிடுவதால் எண்ணிக்கை பொய்யாகக் கூடும். காலண்டர் தேதியைப் பார்த்துப் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து, ஒவ்வொரு வருடமும் ஒரே நீர்மட்டத்துக்கு வரும் நாளைப் பார்த்துப் போங்கள். பெரும்பாலும் அது ஜனவரியில் அமையும்.

வெட்டுவதற்கு முன் எத்தனை வருடம் அளக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. வெட்டிய பிறகு ஐந்து. முன்னளவு இல்லாத ஆய்வில் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கணக்குப் போடுவது எளிது: ஒரே நாளில் இரு ஓடைகளிலும் எடுத்த அளவுகளின் வித்தியாசத்தை எழுதுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த வித்தியாசம் சராசரியாக 0.4 டிகிரி, வெட்டிய பின் 2.1 டிகிரி என்று வந்தால், 1.7 டிகிரிதான் வெட்டியதால் வந்த சூடு.

ஒரே ஓடையில் பத்து இடத்தில் அளந்துவிட்டுப் பத்து மாதிரி என்று எழுதுவது மாணவர் ஆய்வேடுகளில் எளிதில் நேரும் பிழை. அது ஒரு மாதிரிதான்.

வெப்பத்தை எப்படி அளப்பது?

கையில் பிடிக்கும் வெப்பமானி போதாது. நாளின் உச்சம் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் வரும், அப்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். தானாகப் பதியும் சிறிய லாகர் கருவியை 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும்படி வையுங்கள். தண்ணீரில் போடுமுன் ஒரு வாளியில் ஐஸை நொறுக்கித் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் அரை மணி நேரம் வையுங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். ஆய்வு முடிந்து எடுத்த பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். துளையிட்ட வெள்ளை பிவிசி குழாய்க்குள் வைத்தால் வெயில் நேரே படாது. குழாயைச் சங்கிலியால் பாறையிலோ வேரிலோ கட்டுங்கள். தேங்கிய ஓரத்தில் வேண்டாம், ஓட்டம் இருக்கும் இடத்தில், கோடையிலும் மூழ்கியிருக்கும் ஆழத்தில் வேண்டும்.

தகவலை இறக்கும்போது ஒரு நாளின் ஏற்ற இறக்கம் திடீரென்று 4 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குத் தாவினால், கருவி வெளியே வந்து காற்றை அளந்திருக்கிறது. அந்த நாட்களை நீக்கிவிடுங்கள். கரை நிழலையும் கூடவே அளக்க வேண்டும். கட்டம் போட்ட குவி கண்ணாடியை இடுப்பு உயரத்தில் பிடித்து, ஓடை நடுவில் நான்கு திசை பார்த்து, இலை மூடிய கட்டங்களை எண்ணினால் போதும்.

கலங்கல் நீரை மாதம் ஒருமுறை எடுத்தால் போதாதா?

போதாது. வருடத்து மண்ணில் பெரும்பங்கு நாலைந்து மழையில் வந்துவிடும், அதுவும் வெள்ளம் ஏறும்போது. மாதம் ஒருமுறை போகிறவர் தெளிந்த நீரைத்தான் எடுத்து வருவார். அதனால் தானாக நிரம்பும் பாட்டிலை நடுங்கள். செய்முறை இது: ஒரு லிட்டர் பாட்டில், அதன் வாய்க்கு இறுக்கமான ரப்பர் அடைப்பான், அதில் இரண்டு துளை, இரண்டிலும் 6 மில்லிமீட்டர் வளைந்த குழாய். ஒன்று நீர் புகும் குழாய், மற்றது காற்று வெளியேறும் குழாய். காற்றுக் குழாயின் வாய் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரம்பிய பிறகும் நீர் உள்ளே போய் வந்துகொண்டிருக்கும். இப்படி மூன்று பாட்டிலை ஒரு இரும்புக் கம்பத்தில் 20, 40, 60 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டினால், வெள்ளம் ஏற ஏற ஒவ்வொன்றாக நிரம்பும்.

பிறகு ஆய்வகத்தில்: வடிதாளை உலர்த்தி எடை போடுங்கள், குலுக்கிய நீரில் 500 மில்லிலிட்டரை வடிகட்டுங்கள், 103 முதல் 105 டிகிரியில் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 0.1120 கிராம் தாள் 0.1480 கிராம் ஆனால் 36 மில்லிகிராம் மண், அதாவது லிட்டருக்கு 72 மில்லிகிராம்.

ஓட்டத்தையும் அளக்காமல் மண்ணின் அளவுக்கு அர்த்தமில்லை. சிறு ஓடையில் நீர் ஒரு இடத்தில் கொட்டினால் 10 லிட்டர் வாளியும் நிறுத்து கடிகாரமும் போதும். 4 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 2.5 லிட்டர். பெரிதென்றால் 90 டிகிரி 'வி' வடிவத் தகட்டை ஓடையின் குறுக்கே நிறுத்தலாம். தகட்டின் முனைக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 20 நின்றால் சுமார் 25 லிட்டர். உயரம் இரட்டிப்பானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போவதைக் கவனியுங்கள். அளவுகோலைப் படிப்பதில் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் கணக்கு கெடும். நீர்மட்டத்தைத் தகட்டின் மேலேயே பார்க்கக் கூடாது, அங்கே நீர் வளைந்து இறங்கும். கொஞ்சம் மேல்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். தகடு இருக்கும் இடம் மீன் ஏறும் வழியாக இருந்தால் அங்கே வைக்கவே வேண்டாம்.

ஓடைத் தரையை எப்படிப் பதிவது?

நூறு கல் எண்ணும் முறையைப் பின்பற்றுங்கள். சலசலவென்று ஓடும் ஆழமற்ற பகுதியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் நடங்கள். ஒவ்வோர் அடிக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் கட்டைவிரல் முனையில் விரலை நேரே இறக்குங்கள். முதலில் பட்டதை எடுத்து அதன் நடு அகலத்தை அளங்கள். நீளத்தையும் அல்ல, தடிப்பையும் அல்ல. 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மணல் என்று மட்டும் எழுதுங்கள். கண் பார்த்து எடுத்தால் கை தானாக அழகான உருண்டைக் கல்லுக்குப் போகும், மணலின் பங்கு குறைந்து தெரியும். கல்லைத் தூக்கும்போது எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்பதைக் கறைக் கோட்டைப் பார்த்து எழுதுங்கள். பாதிக்கு மேல் புதைந்த கல்லுக்கு அடியில் பூச்சிக்கும் இடமில்லை, மீன் முட்டைக்கும் இடமில்லை.

மீனை எப்படி எண்ணுவது?

ஓடை அகலத்தின் 40 மடங்கு நீளமுள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், 3 மீட்டர் அகலம் என்றால் 120 மீட்டர். அதற்குள் கசமும் ஓட்டமும் இரண்டும் வந்துவிடும். எண்ணும் துண்டின் இரு முனையிலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கண் வலையைக் குறுக்கே கட்டுங்கள். அடிக்கயிற்றில் கல் அடுக்கி இடைவெளி இல்லாமல் மூடவேண்டும், பாதி மீன் அந்த இடைவெளியில்தான் தப்பும். பிறகு அதே ஆட்கள், அதே வலை, அதே நேரம் என்று மூன்று முறை அரித்து எடுங்கள். மூன்று முறையும் முடியும் வரை பிடித்ததைத் திருப்பி விடாமல் வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை 42, இரண்டாம் முறை 18 என்றால், 42ஐ 42ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் சுமார் 74 மீன் இருந்திருக்கும். இரண்டாம் முறை முதல் முறைக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. முதல் முறை ஒழுங்காக அரிக்கவில்லை அல்லது வலை வழியே மீன் வந்து புகுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது முறை இதைச் சரிபார்க்கத்தான்.

வாளியை நிழலில் வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் மாற்றுங்கள், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று போடுங்கள். காய்ந்த கையால் மீனைத் தொடக் கூடாது, உடம்பின் வழுவழுப்பு போனால் பூஞ்சை பிடிக்கும். இனம் தெரியாதவற்றில் இரண்டு மூன்றை மட்டும், அனுமதி இருந்தால், ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்ததில் போட்டு எடுத்துப் போகலாம். மற்றதெல்லாம் பிடித்த இடத்திலேயே திரும்பிப் போக வேண்டும். வெடியும் விஷமும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை.

வெட்டிய பிறகு அயிரை கூடியிருக்கிறதே, அது நல்லதுதானே?

மதுரைக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டும். அயிரை மணலுக்குள் புதைந்து வாழும் மீன். ரோட்டு மண் ஓடைக்குள் இறங்கிக் கல்லை மூடினால் அயிரைக்கு வீடு கூடும். தாடைக்கடியில் உள்ள வட்டத் தட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்னும் கல்மீன்களுக்கு வீடு போகும். மொத்த மீன் எண்ணிக்கை மாறாமல் இருக்கும், சில சமயம் கூடவும் செய்யும், ஆனால் ஓடையின் குணமே மாறியிருக்கும். நிழல் போனதால் பாசி பெருகி, முதல் இரண்டு வருடம் சில கெண்டை இனங்களும் கொழிக்கும். அதனால் அறிக்கையில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாதீர்கள். கல்லில் வாழ்வது, மணலில் வாழ்வது, நடுநீரில் நீந்துவது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஜிலேபிக் கெண்டை தலைகாட்டினால் அதைத் தனி வரியில் எழுதுங்கள், தேங்கிய சூடான நீருக்கு அது ஒரு அடையாளம்.

மீன் பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை. வேறு வழி?

நீர்ப்பூச்சிகளைப் பாருங்கள். 30க்கு 30 சென்டிமீட்டர் சட்டம் போட்ட வலையை ஓட்டத்துக்கு எதிர்முகமாக வைத்து, அதற்கு முன்னால் உள்ள கல்லை இரண்டு நிமிடம் தேய்த்து விட்டால் பூச்சிகள் வலைக்குள் வரும். ஈசல் போன்ற மேஃபிளை, கல் ஈ, கூடு கட்டும் கேடிஸ் ஆகிய மூன்றின் இளம்புழுக்கள் குறைந்து, செந்நிறப் புழுக்கள் கூடினால் மண்ணோ சூடோ ஏறியிருக்கிறது. ஆனால் இதற்கும் காப்புக்காட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும்.

யாரிடம் அனுமதி கேட்பது?

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரிடம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருசநாட்டு ஓடைகள் பல வருகின்றன. எந்த ஓடை, எத்தனை நாள், எந்த வலை, எத்தனை மீன் வெளியே போகும் என்று மனுவில் எண்ணோடு எழுதுங்கள். மனு கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த எண்கள் இல்லாததுதான். தனியார் தோட்டமென்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் போதும்.

ஓடைக்குள் மரம் விழுந்து கிடக்கிறது, அப்புறப்படுத்தலாமா?

வேண்டாம். பாலத்தை அடைத்தால் மட்டும் எடுங்கள். 10 சென்டிமீட்டர் பருமனுக்கும் 1 மீட்டர் நீளத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, ஒவ்வொன்றும் கசம் உண்டாக்கியிருக்கிறதா என்று குறித்துவையுங்கள்.

கரையில் எவ்வளவு அகலம் விடச் சொல்வது?

பல நாடுகளில் மீன் வாழும் ஓடைக்கு இருபுறமும் 30 மீட்டர் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. தோட்டத்தில் அவ்வளவு கிடைக்காவிட்டால், முதல் பத்து மீட்டரில் ஒரு மரத்தையும் தொடாமல் இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். நிழலும் வேரும் அங்கேதான் இருக்கின்றன. கரையை 30 மீட்டர் விட்டுவிட்டு அதன் குறுக்கே மூன்று இடத்தில் லாரி இறக்கினால் அந்த 30க்கு மதிப்பில்லை. கடக்கும் இடம் ஒன்றே ஒன்று போதும். அங்கே ரோட்டுக்கு அடியில் நீர் போகப் போடும் குழாயின் வாய் கீழ்ப்பக்க நீர்மட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். அரையடி தொங்கினாலும், புது வெள்ளத்தில் எதிர்த்து ஏறும் சின்ன மீன் அங்கேயே நின்றுவிடும்.

மழை நாளில் ஓடைக்குப் போகலாமா?

கும்பக்கரைபோன்ற இடங்களில் கீழே ஒரு துளி விழாமலே மேலே கொடைக்கானலில் பெய்த மழையால் நீர் ஏறும். நீர் நிறம் மாறினாலோ, இலைச்சருகு திடீரென்று அதிகமாக வந்தாலோ, கருவியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். யானையும் காட்டுமாடும் நடமாடும் இடங்களில் வனக்காவலர் துணை இல்லாமல் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் ஓடையில் இருக்காதீர்கள்.

எங்கள் ஓடையில் ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், கணக்கின் உறுதி மட்டும் குறையும். ஒரே மலையில், ஒரே உயரத்தில், போன வருடம் வெட்டியது, ஐந்து வருடத்துக்கு முன் வெட்டியது, பதினைந்து வருடத்துக்கு முன் வெட்டியது, வெட்டாதது என்று ஓடைகளைத் தேடி, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அளங்கள். ஒவ்வொரு வயதுக்கும் குறைந்தது மூன்று ஓடை வேண்டும். வெட்டிய வருடத்தைத் தோட்டக் கணக்கிலும், பழைய செயற்கைக்கோள் படத்திலும், தடி ஏற்றியவர்களிடமும் கேட்டு இரண்டு வழியில் உறுதிசெய்யுங்கள். அடுத்த மழைக்கு முன் பாட்டில் கம்பத்தை நட்டுவிடுங்கள். ஓடையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாறையில் பெயிண்ட் புள்ளி வைத்து, அதே புள்ளியில் நின்று அதே திசையில் மாதம் ஒரு படம் எடுங்கள்.